ஒன்றரை டாலர் பள்ளிக்கூடம்

அமெரிக்காவில் தெற்கு கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டனுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குதிரை வண்டியில் ஏறி, கலர் கலராகப் பெயின்ட் அடித்த பழைய மாளிகைகளைப் பார்த்துவிட்டு, இறால் போட்ட சோளக் கஞ்சி ஒரு தட்டு சாப்பிட்டுத் திரும்பிவிடுவார்கள். முதல் நாள் நானும் அதைத்தான் செய்தேன். இரண்டாம் நாள் காலையில் நடந்தே 125, புல் ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். செங்கல் கட்டடம். ஏவரி நார்மல் இன்ஸ்டிடியூட் என்ற கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் இருந்த இடம், இப்போது சார்ல்ஸ்டன் கல்லூரியின் ஆய்வு மையமும் அருங்காட்சியகமும்.

நார்மல் ஸ்கூல் என்றால் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி, நம் ஊர்ப் பெரியவர்கள் சொன்ன அதே அர்த்தம்தான். உள்நாட்டுப் போர் முடிந்த 1865லேயே பள்ளி தொடங்கிவிட்டது. நடத்தியது அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷன். இந்தச் சங்கம் பிறந்த கதை எனக்குக் கொஞ்சம் நெருக்கமானது. நான் படித்த மதுரை அமெரிக்கன் கல்லூரியைத் தொடங்கியது அமெரிக்கன் போர்டு என்ற மிஷனின் ஆட்கள். அந்த போர்டு அடிமைமுறை விஷயத்தில் பட்டும் படாமலும் நடந்துகொள்கிறது என்று கோபப்பட்டவர்கள்தான் 1846ல் தனியாக இந்தச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். மூன்று வருடம் அந்தக் கல்லூரியில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன், இது எனக்குத் தெரியவே தெரியாது.

ஆரம்பகாலத் தலைமை ஆசிரியர் பிரான்சிஸ் கார்டோசோ இதே ஊரில் அடிமையாக இல்லாமல் பிறந்த கறுப்பினத்தவர், ஸ்காட்லாந்தில் படித்தவர். 1868ல் புதுக் கட்டடம் எழும்பியது, உயில் பணம் கொடுத்த சார்ல்ஸ் ஏவரி என்ற மெதடிஸ்ட் போதகரின் பெயரை வைத்தார்கள்.

பழைய வகுப்பறை ஒன்றை அப்படியே திருத்தி வைத்திருக்கிறார்கள். மர பெஞ்சுகளுக்கு நடுவே ஒல்லியான ஆளே ஒருக்களித்துத்தான் போக முடியும், நான் முயற்சி செய்யவில்லை. அங்கே நிற்கும்போது நினைவுக்கு வந்தவர், இங்கே படித்துப் பின்னாளில் கறுப்பினத்தவர் உரிமைப் போராட்டத்தில் பெயர் பெற்ற செப்டிமா பாய்ன்செட் கிளார்க். அப்பா அடிமையாகப் பிறந்தவர், அம்மா வீட்டிலேயே துணி வெளுத்துக் கொடுத்தவர். ஏவரியில் படிக்க மாதம் ஒன்றரை டாலர் கட்டணம், அதற்கும் வழியில்லை. ஒரு தம்பதியின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு அந்தப் பணத்தில் படித்தார். ஏவரி என்றாலே வெளுத்த தோலும் வசதியும் உள்ள கறுப்பினக் குடும்பங்களின் பள்ளி என்ற பேச்சு ஊரில் உண்டு. திருச்சபை கட்டிய பள்ளிதான், ஆனாலும் உள்ளே மேல்படி கீழ்ப்படி இல்லாமலா இருக்கும்?

1916ல் ஆசிரியப் பயிற்சியோடு படிப்பை முடித்தார். அப்புறம்தான் வேடிக்கை. சார்ல்ஸ்டன் நகரத்தின் அரசுப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளுக்குக்கூடக் கறுப்பின ஆசிரியர்களை வைக்க மாட்டார்கள், வெள்ளைக்காரர்கள்தான் பாடம் நடத்துவார்கள். ஆசிரியர்களை உருவாக்கத்தான் பள்ளி, உருவானவர்களுக்கு அந்த ஊரிலேயே வேலை இல்லை! செப்டிமா படகேறி ஜான்ஸ் தீவுக்குப் போனார். அங்கே இரண்டு ஆசிரியைகளுக்கு 132 பிள்ளைகள். வெள்ளைக்காரப் பள்ளியிலோ மூன்றே பிள்ளைகள்.

1919ல் ஏவரிக்கே ஆசிரியையாகத் திரும்பி வந்தார். கறுப்பின ஆசிரியர்கள் வேண்டும் என்று கேட்பது வெளுத்த தோல்காரர்கள் மட்டும்தான், சமையல்காரியும் வண்ணாத்தியும் கேட்கவில்லை என்று சட்டசபைப் பக்கம் ஒரு வாதம் கிளம்பியது. வண்ணாத்தி மகளிடமா இந்தக் கதை? வீடு வீடாக ஏறி இறங்கி ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கினார். 1920ல் கதவு திறந்தது. ஏவரி பிறகு அரசுப் பள்ளியாகி, 1954ல் மூடப்பட்டது. செப்டிமாவையும் 1956ல் வேலையைவிட்டு எடுத்தார்கள், கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய NAACP சங்கத்தின் உறுப்பினர் என்பதுதான் குற்றம்.

மத்தியானம் காரில் ஜான்ஸ் தீவுக்குப் போனேன். இப்போது பாலம் இருக்கிறது, ஒரு பாட்டுக் கேட்டு முடிப்பதற்குள் இல்லாவிட்டாலும் சீக்கிரமே போய்விடலாம். எல்லோரும் ஏஞ்சல் ஓக் என்ற பிரம்மாண்டமான மரத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நான் மரத்தைச் சுற்றிவிட்டு ரிவர் ரோடில் தீவின் கறுப்பின மக்களுடைய கூட்டுறவுச் சங்கமான புரோகிரசிவ் கிளப் இருந்த இடத்துக்குப் போனேன். 1989 ஹியூகோ புயலுக்கு அப்புறம் மிச்சம் இருப்பது இடிந்த சுவர்கள்தான். ஓட்டுப் பதிவு செய்ய எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதால், பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்பைச் செப்டிமாவும் மற்றவர்களும் இந்த கிளப்பில் தொடங்கினார்கள். முன்னால் மளிகைக்கடை, பின்னால் வகுப்பு, வெள்ளைக்காரர்கள் கண்ணில் படாமல் இருக்க இந்த ஏற்பாடு. 1957ல் முதல் வகுப்பை எடுத்தவர் செப்டிமாவின் உறவுக்காரரான பெர்னிஸ் ராபின்சன். அவர் ஆசிரியை அல்ல, அழகுக்கலை நிலையம் வைத்திருந்தவர். உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் கேட்டதும், வந்திருந்த பெரியவர்கள் சொன்னார்களாம்: பெயரை எழுத வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், மணியார்டர் பாரம் நிரப்ப வேண்டும். ஓட்டுப் பதிவுக்கான சட்டப் பாடமெல்லாம் அதற்குப் பிறகுதான்.