வேரைப் பார்க்காமல் கழிந்த நான்கு மாதங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் சாவியைக் கொடுத்த அன்று, அதில் நெடுங்காலம் குடியிருந்த பாட்டி, கொல்லையில் சாமி மேடைக்குப் பக்கத்தில் நின்ற முழங்கால் உயரச் செடியைக் காட்டி, “இத மட்டும் வெட்டிடாதம்மா, லயத்துல (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) இருந்து கொண்டாந்தது” என்று சொல்லிவிட்டு, ஜொகூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் புறப்பட்டுப் போனார். அது என்ன செடி என்று அப்போதே கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் நான்கு மாதங்கள் வீணாகியிருக்காது என்பதை நினைத்தால் இப்போதும் மனம் பொறுக்கவில்லை.

அது மார்ச் மாதம். செடியில் ஒரு பூகூட இல்லை. இலைகள் வெளிறிச் சிறுத்திருந்தன. காலை 11 மணிக்கே தலை தொங்கிவிடும், மாலையில் மீண்டும் நிமிரும். தண்ணீர் போதவில்லை என்று எண்ணிக் காலையும் மாலையும் ஊற்றினேன். மண் ஈரமாக இருக்கும்போதே ஒரு செடி பகலில் வாடி மாலையில் தேறுகிறது என்றால் கோளாறு தண்ணீரில் இல்லை, தண்ணீரை மேலே ஏற்ற முடியாத வேரில் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. உரக்கடையில் சொன்னதைக் கேட்டு நீலநிறக் குறுமணி உரத்தை இரண்டு பிடி போட்டேன். ஒரு வாரத்தில் இலை விளிம்புகள் தீய்ந்து கருகின. நோயுற்ற வேருக்கு உரம் மருந்தாகாது. இருக்கிற சிறிதளவு நல்ல வேரையும் அது சுட்டுவிடும்.

செடியின் பெயரைக் கண்டுபிடிப்பது தனி அலைச்சலாயிற்று. ஒரு நர்சரியில் கிளையைக் காட்டியபோது டிசம்பர் பூ என்று அடித்துச் சொல்லி, அடியோடு கவாத்து செய்தால் துளிர்க்கும் என்றார்கள். நல்லவேளையாகப் பாட்டியின் சொல் காதில் நின்றதால் கத்தியை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா அதைப் பட்டாசுக்காய்ச் செடி என்றும், களையை ஏன் வளர்க்கிறாய் என்றும் கேட்டார். இருவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் சொன்ன இரண்டும் என் செடியும் ஒரே குடும்பத்துச் செடிகள். பூவில்லாத நேரத்தில் தடுமாற்றம் வருவது இயல்பு.

ஜூன் மாதத்தில், பக்கத்து நகரில் இருந்த விவசாய அலுவலகத்துக்கு நான்கு இலைகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அன்று வெள்ளிக்கிழமை, நான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை 12.15 முதல் 2.45 வரை என்பதை மறந்து கிளம்பியது என் பிழைதான். ஆனால் இரண்டேகால் மணி நேரம் காத்திருந்தபின் முகப்பில் இருந்த கிராணி (எழுத்தர்), பையைத் திறந்துகூடப் பார்க்காமல், பூச்செடிக்கெல்லாம் இங்கே ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பியதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. வேரும் மண்ணும் சேர்த்து எடுத்துவாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தப் பயணத்துக்கு அதுவே போதுமான பலனாக இருந்திருக்கும். ஒரு செடியைக் காட்ட எங்கே போனாலும் இலையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். நுனிக் கிளை, பழைய பூக்கதிர், சிறிது வேர், ஒரு பிடி மண் ஆகிய நான்கும் வேண்டும். வேரை ஈரத்தாளில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்.

விடை எங்கள் தெருவிலேயே இருந்தது. செம்பனைத் தோட்டத்து நாற்றங்காலில் பல ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவரிடம் ஜூலையில் தற்செயலாகப் புலம்பியபோது, அவர், “எலயப் பாத்து என்னம்மா தெரியும், வேரத் தோண்டிப் பாத்தியா?” என்று கேட்டார். வந்து பார்த்தவர், செடியை விட்டுவிட்டு, அருகில் பாட்டி விட்டுப்போன காய்ந்த வெண்டைத் தண்டு ஒன்றைப் பிடுங்கினார். அதன் வேர் வேராகவே இல்லை. முறுக்கிய கயிற்றில் போட்ட முடிச்சுகளைப் போல நெடுக வீங்கியிருந்தது. பிறகு என் செடியின் ஓரத்தில் விரலால் மண்ணைக் கிளறி ஒரு சல்லிவேரை எடுத்துக் கழுவிக் காட்டினார். கடுகளவிலும் கொத்தமல்லி விதையளவிலும் புடைப்புகள் மணிமாலையாய்க் கோத்திருந்தன. நகத்தால் சுரண்டினால் அவை உதிரவில்லை, ஏனென்றால் வேரின் சதையே வீங்கியிருந்தது. பயறு வேரில் இருக்கும் நல்ல முடிச்சுகள் தேய்த்தால் உதிர்ந்துவிடும், இவை உதிராது. இது வேர்முடிச்சு நூற்புழு, கண்ணுக்குத் தெரியாத புழு. வெண்டை, தக்காளி, கத்தரி எல்லாம் அதற்குப் பிடித்த தீனி. வெப்பமான மண்ணில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும்.

செடியின் பெயரைச் சொன்னது அதில் மிஞ்சியிருந்த ஒரே காய்ந்த கதிர். டிசம்பர் பூவின் காய்ந்த பூவடியில் முள்போன்ற விளிம்பு கையில் குத்தும். பட்டாசுக்காயோ தனித்தனியே நீண்டிருக்கும். இதில் பச்சைச் செதில்கள் கோதுமைக் கதிரைப் போல நான்கு பக்கமாக அடுக்கியிருந்த தடம் தெரிந்தது. கணுவுக்கு நான்கு இலைகள், இரண்டு பெரிதும் இரண்டு சிறிதுமாக இருந்தன. தாத்தா கதிரை ஒரு எவர்சில்வர் கிண்ணத்துத் தண்ணீரில் போடச் சொன்னார். சில நிமிடங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ‘டிக்’ என்று ஒரு சத்தம். தட்டையான ஒரு விதை என் கையில் வந்து அடித்தது, அடுத்தது கிண்ணத்தின் விளிம்பில் மோதியது. கனகாம்பரம்! அம்மா தலையில் வைத்துக்கொள்ளும் பூவின் செடியை இத்தனை நாள் பெயர் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று தெரிந்தபோது கண் கலங்கியது.

விதை கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். டெல்லிக் கனகாம்பரம் என்ற வகை விதை பிடிக்காது. அதைத் தண்டு வெட்டித்தான் பெருக்க முடியும். முடிச்சு விழுந்த வேரை மீட்கவே முடியாது, செடியின் வம்சத்தைத்தான் மீட்க முடியும் என்று தாத்தா திட்டமாகச் சொன்னதால், பதினொரு விதைகளோடு நான்கு நுனித் தண்டுகளையும் விரல் நீளத்துக்கு வெட்டி ஆற்று மணலில் ஊன்றினேன். மண் படாத நுனியில் நூற்புழு இருக்காது. தண்டுகளில் இரண்டு பிழைத்தன. விதைகளில் ஏழு முளைத்தன. முதல் முளை பதினாறாம் நாள் தெரிந்தது.

பழைய செடியைப் பிடுங்கிய நாள் எனக்குத் துக்கமாகவே இருந்தது. வேரையும் வெண்டைத் தண்டுகளையும் உரக்குழியில் போடாமல் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினேன். திறந்தவெளியில் எரிப்பது இங்கே சட்டப்படி குற்றம். பாத்தியை நனைத்துத் தெளிவான பிளாஸ்டிக் விரிப்பால் மூடி ஆறு வாரம் வெயிலில் விட்டேன். கறுப்பு விரிப்பைவிடத் தெளிவானதுதான் மண்ணை அதிகம் சூடாக்கும். இடையில் மழை பெய்து தண்ணீர் தேங்கினால் அன்றன்றே வடித்துவிட வேண்டும். பிறகு துலுக்கச் சாமந்தியை நெருக்கமாக நட்டேன். அதன் வேர் நூற்புழுவை அடக்கும். ஆனாலும் அந்த மண்ணை நான் இன்னும் நம்பவில்லை. கன்றுகள் எல்லாம் புது மண்ணோடு வேப்பம் புண்ணாக்குக் கலந்த பாலிபேக்கில், தரையில் படாமல் செங்கல்மேல் நிற்கின்றன. பாத்தியில் புழங்கிய மண்வெட்டியைக் கழுவாமல் அங்கே கொண்டுபோக வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை.

தை பிறந்த வாரத்தில் முதல் கதிர் அடியிலிருந்து மலர்ந்தது. ஒரு பக்கமாக மட்டும் விசிறிபோல விரியும் அந்தச் செம்மஞ்சள் இதழ்களில் முதல் இரண்டைச் சாமி மேடையில் வைத்தேன். பாட்டியின் மகனுடைய தொலைபேசி எண் வீட்டுப் பத்திரத்தோடு இருந்த தாளில் கிடைத்தது. பாட்டியிடம் பேசினேன், அடுத்த மாதம் வரும்போது ஒரு பாலிபேக்கை ஜொகூருக்கு எடுத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறார். வேர் சுத்தமாக இருக்கும் கன்றாகப் பார்த்து ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.