ரொட்டி வரிசையில் நின்ற பெண்கள்

மார்ச் 8 வந்தால் விடிந்ததிலிருந்தே போனில் மகளிர் தின வாழ்த்துகள் வந்து குவிகின்றன. எனக்கு அந்தத் தேதியைப் பார்த்ததும் ஞாபகத்துக்கு வருவது 1917-இல் ரஷ்யாவின் அன்றைய தலைநகரமான பெட்ரோகிராடில் ஆலையை விட்டு வெளியே வந்த நெசவாலைப் பெண்கள்தான். மகளிர் தினத்துக்கு இந்தத் தேதியே நிலைத்துப்போனதற்கு அவர்கள் முக்கியமான காரணம். அவர்கள் தெருவில் இறங்கி ஒரு வாரத்துக்குள் ரஷ்யாவை 300 ஆண்டுகள் ஆண்ட ரோமனோவ் வம்சம் முடிந்துபோனது. (அன்றைய ரஷ்ய நாட்காட்டி 13 நாள் பின்னால் இருந்தது, அதனால்தான் அதற்குப் பிப்ரவரிப் புரட்சி என்று பெயர். இங்கே நான் நம்முடைய தேதிகளையே எழுதுகிறேன்.)

உலகப் போர் தொடங்கி மூன்றாவது குளிர்காலம் அது. சுமார் ஒன்றரைக் கோடி ஆண்களைப் பட்டாளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நாட்டில் தானியமே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் ரயில்கள் ராணுவத்துக்கே போதவில்லை, வரும் காசுக்கு வாங்கச் சாமான் எதுவும் இல்லை என்பதால் விவசாயிகளும் விற்க மனமில்லாமல் வைத்திருந்தார்கள். தலைநகரத்தில் ரொட்டிக் கடை வாசலில் உறைபனியில் பெண்கள் நின்றார்கள். ஒரு சராசரி உழைக்கும் பெண் வாரத்துக்குச் சுமார் 40 மணி நேரத்தை வரிசைகளிலேயே கழித்தாள் என்று ஒரு கணக்கு உண்டு. ஆலையில் முழு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து இதில் நிற்க வேண்டும். கடைசியில் கடைக்காரர் மாவு தீர்ந்துவிட்டது என்று சொல்லிக் கதவைச் சாத்துவார். போர்முனையிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தது, யாருக்கு வரவில்லை, ராணி ஏன் ரஸ்புடின் என்ற சாமியார் பேச்சைக் கேட்டாள், இதெல்லாம் அந்த வரிசையில்தான் பேசப்பட்டது. எந்தக் கட்சிக் கூட்டமும் நடத்த முடியாத அரசியல் வகுப்பு அது என்றுதான் நான் நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற இடம் மார்ச் 7-ஆம் தேதி இரவு. வைபோர்க் என்ற தொழிலாளர் பகுதியில் கயூரவ் என்ற போல்ஷெவிக் (லெனினின் கட்சி) ஊழியர், பெரிய எரிக்சன் தொழிற்சாலைத் தொழிலாளி, மகளிர் தினத்தை ஒட்டிப் பெண்களிடம் பேசப் போகிறார். நாளைக்குத் தனியாக எதுவும் செய்துவிட வேண்டாம், கட்சி சொல்கிறபடி கேளுங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். மறுநாள் காலை சில நெசவாலைகளில் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது அவருக்குக் கோபம் வந்திருக்கிறது. இதை அவரே பின்னால் எழுதிவைத்திருக்கிறார், மறைக்கவில்லை, அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது: துருப்புகள் சுட்டால் பிணங்கள் விழும், அமைப்பு சிதறும். ஆனால் வீட்டில் பிள்ளைக்கு ரொட்டி இல்லாதவளிடம் போய்த் தருணம் இன்னும் வரவில்லை என்று எப்படிச் சொல்வது?

அந்தப் பெண்கள் தங்கள் ஆலையோடு நிற்கவில்லை. பக்கத்து இரும்புத் தொழிற்சாலைகளின் வாசலுக்குப் போய், ஜன்னல்மேல் பனிக்கட்டிகளை உருட்டி எறிந்து, வெளியே வாருங்கள் என்று கத்தினார்கள். ஆண்கள் வந்தார்கள். மறுநாள் நகரத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் 2 லட்சம் பேரளவு. குதிரைமேல் வந்த கொசாக் வீரர்கள் முன்பெல்லாம் கூட்டத்தைச் சாட்டையால் அடித்து விரட்டுகிறவர்கள், இந்த முறை தயங்கினார்கள். பெண்கள் சிப்பாய்களின் அணிவகுப்புக்கே நேராகப் போய்த் துப்பாக்கியைக் கையால் பிடித்து, என் புருஷனும் உங்களைப் போலத்தான் முனையில் இருக்கிறான், எங்களோடு வந்துவிடுங்கள் என்று பேசினார்கள்.

ரஷ்யப் பேரரசர் ஜார் நிக்கலாஸ் அப்போது நகரத்திலேயே இல்லை. 1915-இல் தானே படைத் தளபதியாகிக் கொண்டதால் மொகிலேவ் தலைமையகத்தில் இருந்தார். அவர் மனைவி ஜாரினா அவருக்கு எழுதிய கடிதத்தில், இது வெறும் போக்கிரிகளின் கலாட்டா, ரொட்டி இல்லை என்று சின்னப் பையன்களும் பெண்களும் ஓடி ஓடிக் கத்துகிறார்கள், குளிர் இன்னும் அதிகமாக இருந்தால் வீட்டிலேயே கிடந்திருப்பார்கள் என்கிறார். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. மார்ச் 10 மாலை ஜாரிடமிருந்து தந்தி வந்தது: கலவரத்தை நாளைக்கே அடக்க வேண்டும். அடக்கினார்கள், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஸ்னாமென்ஸ்கயா சதுக்கத்தில் மட்டும் நாற்பது பேருக்குமேல் செத்தார்கள்.

அன்று சுட்டவர்களில் வொலின்ஸ்கி படைப்பிரிவின் பயிற்சிச் சிப்பாய்களும் உண்டு. ராத்திரி பாரக்ஸில் அவர்களுக்குத் தூக்கம் வரவில்லை. கிர்பிச்னிகவ் என்ற சார்ஜென்ட் தலைமையில், இனி சுடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். விடிந்ததும் தங்கள் கேப்டனைக் கொன்றுவிட்டுப் பக்கத்துப் படைப்பிரிவுகளைக் கூப்பிடப் போனார்கள். சாயங்காலத்துக்குள் தலைநகரப் பட்டாளத்தில் பெரும்பகுதி ஜாரின் கையில் இல்லை. 15-ஆம் தேதி ப்ஸ்கோவ் நகரத்தில், நின்றுகொண்டிருந்த தன் ரயில் பெட்டிக்குள் அவர் பதவி விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

சரி, பின்னால் புரட்சியின் முகங்களாக ஆனவர்கள் அப்போது எங்கே இருந்தார்கள்? லெனின் சூரிச்சில். இரண்டு மாதத்துக்குக்கூட முன்னால் இல்லை, ஜனவரியில் அங்கே இளைஞர்கள் முன்னால் பேசும்போது, வரப்போகும் புரட்சியின் தீர்மானமான போர்களை எங்கள் தலைமுறை பார்க்காமலே போகலாம் என்றுதான் அவரே சொன்னார். ட்ராட்ஸ்கி நியூயார்க்கில். ஸ்டாலின் சைபீரியாவில் நாடுகடத்தலில். இதை அவர்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் தலைவன் இல்லாமல் கூட்டம் நகராது என்று யாராவது சொன்னால், அந்த ஒரு வாரத்தைப் பார்க்கச் சொல்வேன்.

அதன்பிறகு தலைவர்கள் வந்தார்கள். இடைக்கால அரசாங்கம் அமைந்தது, நல்லவர்களும் படித்தவர்களும் அதில் இருந்தார்கள், பேச்சுரிமை வந்தது, 40,000 பெண்கள் ஊர்வலம் போய் வாக்குரிமை கேட்டு அதையும் வாங்கினார்கள். போரை மட்டும் அந்த அரசாங்கத்தினர் நிறுத்தவில்லை. நேச நாடுகளுக்குக் கொடுத்த வாக்கு, தேசத்தின் கௌரவம் என்று காரணம் சொன்னார்கள். போர் அமைச்சர் கெரன்ஸ்கி முனைக்கே போய்ச் சிப்பாய்களிடம் உருகி உருகிப் பேசி ஜூலையில் ஒரு பெரிய தாக்குதலைத் தொடங்கினார், சில வாரத்தில் அது பெரும் பின்வாங்கலாக முடிந்தது. வரிசை குறையவில்லை, ரொட்டியின் அளவுதான் குறைந்தது. எனக்குத் தெரிந்து அந்த அரசாங்கத்தைக் கவிழ்த்தது முதலில் இதுதான், போல்ஷெவிக்குகள் இரண்டாவதாகத்தான் வந்தார்கள்.

லெனினின் கெட்டிக்காரத்தனம், வரிசையில் பேசப்பட்டதைக் காது கொடுத்துக் கேட்டதுதான். ஏப்ரல் 16 இரவு பெட்ரோகிராடின் பின்லாந்து ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியவர், போருக்கு ஆதரவே கிடையாது என்று சொன்னபோது அவருடைய கட்சிக்காரர்களே திகைத்தார்கள். சமாதானம், ரொட்டி, நிலம். இந்த மூன்றும் அவர் கண்டுபிடித்தவை இல்லை, மார்ச்சிலேயே தெருவில் இருந்தவை. நவம்பர் 7-இல் ஆட்சியைப் பிடித்த கையோடு முதல் அறிவிப்பாகச் சமாதானத்தைத்தான் வெளியிட்டார்கள். அதுவரைக்கும் நான் அவர்கள் பக்கம்தான். ஆனால் ஜனவரி 1918-இல், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அரசியல் நிர்ணய சபையை, தங்களுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை என்றதும் ஒரே நாளில் கலைத்தார்களே, அங்கே நான் நின்றுவிடுகிறேன். வரிசையில் நின்றவர்கள் இனி எதையாவது சொல்ல வேண்டுமென்றால் எங்கே போய்ச் சொல்வார்கள்?

அப்புறம் உள்நாட்டுப் போர், பஞ்சம், ஊரையே விட்டு ஓடிய தொழிலாளர்கள். 1921 ஜனவரியில் ரொட்டி ரேஷனை மூன்றில் ஒரு பங்கு வெட்டினார்கள். பிப்ரவரியில் அதே பெட்ரோகிராடில் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு, பக்கத்து ஆலைகளையும் கூப்பிட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். அவர்களைக் கலைக்க ராணுவப் பயிற்சி மாணவர்களை அனுப்பி, நகரத்தில் ராணுவச் சட்டத்தை அறிவித்தபோது அங்கே தலைமையில் இருந்தவர் ஸினோவியெவ். நான்கு வருடங்களுக்கு முன்னால், லெனினோடு அதே ரயிலில் வந்து இறங்கியவர்.