மும்பை இன்டர்வியூவுக்கு முன்னால்: பாலக்காட்டுக் கிழக்கிலிருந்து குடியேற்ற விசாவுக்குப் போகிறவர்களுக்கு

அமெரிக்க வேலைவழிக் குடியேற்ற விசாவுக்கான நேர்காணல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சிற்றூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு, கோவிந்தாபுரம் பக்கத்து நர்ஸுகள் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுவதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான். ஆனால் மாட்டிக்கொள்வது கேள்வியில் அல்ல, காகிதத்தில். நம் பக்கத்து ஆட்களின் காகிதங்கள் இரண்டு மாநிலங்களில், மூன்று மொழிகளில் கிடக்கின்றன.

போகும் வழி இதுதான். அமெரிக்க முதலாளி போட்ட ஐ-140 மனுவை (வேலைக்கு உங்களைக் கேட்டுப் போடும் மனு) அமெரிக்கக் குடியேற்ற அலுவலகமான யுஎஸ்சிஐஎஸ் ஏற்றதும் கோப்பு நேஷனல் விசா சென்டருக்கு, அதாவது எல்லாரும் என்விசி என்று சொல்லும் இடத்துக்குப் போகும். ஆளுக்கு 345 டாலர் கட்டணம். அதை அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட முடியும் என்பதால், முதலாளியோ வக்கீலோ அங்கிருக்கும் சொந்தக்காரரோ கட்டித் தரவேண்டும். பிறகு ஆன்லைன் விசா விண்ணப்பமான டிஎஸ்-260 படிவம், சான்றிதழ்களைப் பதிவேற்றுவது. எல்லாம் சரி என்று என்விசி சொன்னால் 'டிக்யூ', அதாவது காகிதங்கள் தேறிவிட்டன. உங்கள் முன்னுரிமைத் தேதி (கியூவில் உங்கள் இடத்தைக் காட்டும் தேதி) அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் கரண்ட் ஆனதும், அதாவது உங்கள் முறை வந்ததும், மும்பைத் துணைத் தூதரகத்தில் நாள் கிடைக்கும். சென்னையில் தூதரகம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இந்த விசாவுக்கு மும்பைதான்.

'கரண்ட் ஆனதும்' என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் பல வருஷம் அடங்கியிருக்கிறது. 2024 அக்டோபர் புல்லட்டினில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான ஈபி-3 (நர்ஸுகள் பெரும்பாலும் போகும் வேலைவழி வகை) தேதி 2012 நவம்பர் 1; அதற்கு முந்தைய முன்னுரிமைத் தேதிக்காரர்களுக்குத்தான் முறை. அவ்வளவு காலம் காத்திருந்தால் கையில் இருப்பது ஒவ்வொன்றாகக் காலாவதியாகும். படிப்பு, லைசென்ஸ், ஆங்கிலம் இவற்றைச் சரிபார்த்துக் கொடுக்கும், நர்ஸுகளுக்குக் கட்டாயமான விசாஸ்கிரீன் சான்று ஐந்து வருஷம்தான் செல்லும். வேலை உத்தரவாதக் கடிதம் புதிதாக வேண்டும். மனுவில் சொன்ன அதே வேலை, அதே முதலாளி இன்னும் இருப்பதை அது காட்டவேண்டும். 21 வயதானால் பிள்ளை உங்களோடு சேர்ந்து விசா வாங்க முடியாது; அந்த வயது நெருங்கினால், ஐ-140 மனு நிலுவையில் கிடந்த நாட்களை வயதிலிருந்து கழித்துக் கணக்குப் பார்ப்பார்கள். அப்படிக் கழித்துத் தப்பினாலும், தேதி கரண்ட் ஆன ஒரு வருஷத்துக்குள் பிள்ளையின் பெயரில் விண்ணப்ப வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். பிள்ளைக்குக் கல்யாணமும் ஆகியிருக்கக் கூடாது.

இனி பிறப்புச் சான்று. பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. நம் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில். அப்பா வீடு கொழிஞ்சாம்பாறை, அம்மா வீடு பொள்ளாச்சி என்றால் குழந்தை பிறந்தது பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில். பதிவும் அங்கே நகராட்சியில்தான் இருக்கும். கொழிஞ்சாம்பாறைப் பஞ்சாயத்து ஆபீஸில் எத்தனை தடவை தேடினாலும் கிடைக்காது. 'இங்கே பதிவில்லை' என்று பஞ்சாயத்து எழுதிக் கொடுத்ததை அப்படியே என்விசிக்கு ஏற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தவறான ஊரில் வாங்கிய இல்லைச் சான்றுக்கு மதிப்பே கிடையாது. பிறந்த ஊரின் பதிவாளர்தான் 'இல்லை' என்று எழுதித் தரவேண்டும். அதோடு பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினரின் பிரமாணப் பத்திரம், எஸ்எஸ்எல்சி புக் இவற்றைச் சேர்க்கவேண்டும்.

பாஸ்போர்ட்டையும் பாருங்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில், கேரள அரசின் சேவை மையமான அக்ஷயாவில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவர் ரேஷன் கார்டைப் பார்த்து 'பாலக்காடு' என்று போட்டிருப்பார். சான்றில் பொள்ளாச்சி. இரண்டும் இந்தியாதான், கியூவில் இடம் மாறாது. ஆனாலும் இது அதே ஆள்தானா என்ற சந்தேகத்துக்கு இந்த வித்தியாசம் போதும். டிஎஸ்-260 போடுவதற்கு முன்னால் பாஸ்போர்ட்டைத் திருத்தி மறுபடி வாங்கிக்கொள்வதே நல்லது. பழைய பதிவுகளில் குழந்தையின் பெயரே இல்லாமல் 'பெண்' என்று மட்டும் இருக்கும். அதற்கும் அதே பதிவாளரிடம் போய்ப் பெயர் சேர்த்துக்கொண்டு புதுப் பிரதி வாங்கவேண்டும். பெற்றோர் பெயர் இரண்டும் அதில் இருக்கவேண்டும்.

பெயர் எழுத்து அடுத்த தலைவலி. பஞ்சாயத்துச் சான்று மலையாளமும் ஆங்கிலமுமாக வரும். ஆங்கிலப் பெயரை மலையாளத்திலிருந்து எடுத்து எழுதுகிறார்கள். அப்பா தங்கவேல் என்றால் பாஸ்போர்ட்டில் ஜி எழுத்து, பஞ்சாயத்துச் சான்றில் கே எழுத்து. முருகனுக்கும் அப்படித்தான். இனிஷியல் தமிழ்நாட்டுக் காகிதத்தில் பெயருக்கு முன்னால், கேரளத்துக் காகிதத்தில் பின்னால். இதற்கு வில்லேஜ் ஆபீஸரிடம் 'ஒன் அண்ட் தி சேம்' சான்று வாங்கலாம்; அக்ஷயாவிலேயே விண்ணப்பம் போடலாம். இரண்டு எழுத்துமுறையையும் எழுத்துக்கு எழுத்து அதில் சேர்க்கச் சொல்லுங்கள். 'இருவரும் ஒருவரே' என்று மொட்டையாக இருந்தால் பிரயோஜனமில்லை. அது துணைச் சான்றுதான். திருத்த முடிந்த இடத்தில் மூலத்தைத் திருத்துவதே மேல்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் முழுவதும் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு ('முதல் பெயர் தெரியவில்லை') என்று விழும். அங்கே போனபிறகு சம்பளக் கணக்கு, நர்சிங் லைசென்ஸ் எல்லாவற்றிலும் அது கூடவே வரும். விசாஸ்கிரீன் வாங்குவதற்கு முன்பே குடும்பப் பெயரைப் பிரித்துப் பாஸ்போர்ட் மாற்றிவிட்டால் இரட்டை வேலை மிச்சம்.

கல்யாணத்துக்கும் ஊர்க் கணக்கு உண்டு. மண்டபம் பொள்ளாச்சியில், கோயில் பழனியில் என்றால் பதிவு தமிழ்நாட்டில், அந்த இடத்துக்கு உரிய சார்பதிவாளர் ஆபீஸில். கேரளத்தில் நடந்திருந்தால் அந்தப் பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ. கோயில் ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் சான்றாகாது. தமிழிலோ மலையாளத்திலோ மட்டும் இருக்கும் எந்தக் காகிதத்துக்கும் மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு கூட இருக்கவேண்டும்.

பிசிசி, அதாவது போலீஸ் கிளியரன்ஸ் சான்று, பாஸ்போர்ட் ஆபீஸில்தான், கட்டணம் 500 ரூபாய். ஸ்டேஷனில் வாங்கிய நன்னடத்தைக் கடிதம் செல்லாது. இப்போது குடியிருக்கும் விலாசத்தைக் கொடுங்கள். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு சிற்றூர் விலாசம் போட்டால் போலீஸ் வந்து பார்த்து, ஆள் இல்லை என்று எழுதிவிட்டுப் போகும். 16 வயதுக்குப் பிறகு வேறு நாட்டில் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டுப் போலீஸ் சான்றும் தேவை. கல்ஃபில் இருப்பவர்கள் அங்கிருந்து கிளம்புவதற்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள். ஊருக்கு வந்தபின் வாங்குவது பெரிய அலைச்சல்.

மெடிக்கலைத் தூதரகம் அங்கீகரித்த டாக்டரிடம்தான் எடுக்கவேண்டும். சென்னையிலும் மும்பையிலும் இருக்கிறார்கள். கல்ஃபுக்கு எடுத்த மெடிக்கல் இதற்கு உதவாது. 15 வயதிலிருந்து எல்லாருக்கும் மார்பு எக்ஸ்ரே. பிள்ளைகளுக்கு 2 வயதிலிருந்தே டிபிக்கான ரத்தப் பரிசோதனை. தடுப்பூசிப் புத்தகத்தைக் கொண்டுபோனால் அங்கே மறுபடி குத்துவது குறையும். எக்ஸ்ரேயில் பழைய டிபித் தழும்பு தெரிந்தால்கூடச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முடிவுக்கு எட்டு வாரம் ஆகும். வார்டில் வேலை பார்த்த நர்ஸுகளுக்கு இது அபூர்வமல்ல. அதனால் இன்டர்வியூக் கடிதம் வந்ததும் மெடிக்கலுக்கு நாள் வாங்குங்கள். கடிதம் வராமலே முந்திக்கொள்ளவும் வேண்டாம்: மெடிக்கல் பெரும்பாலும் ஆறு மாதம்தான் செல்லும், விசாவின் ஆயுளும் அதை ஒட்டித்தான்.

கோவையிலிருந்து குர்லா வண்டி ஏறினால் லோக்மான்ய திலக் டெர்மினஸில் இறங்கலாம். தூதரகம் இருக்கும் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் அங்கிருந்து பக்கம். இன்டர்வியூவுக்கு முன்பாக விசா விண்ணப்ப மையத்தில் கைரேகை, போட்டோ வேலை இருக்கிறது. அதற்குத் தனியாக நாள் பதியவேண்டும், மறந்துவிடாதீர்கள். தூதரகத்துக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. பதிவேற்றிய ஒவ்வொன்றின் ஒரிஜினலும், ஒரு நகலும், பாஸ்போர்ட்டும், இரண்டங்குலச் சதுரப் போட்டோவும் போதும். நிலப் பத்திரம், நகை ரசீதை எல்லாம் யாரும் கேட்கப்போவதில்லை.

முதலில் ஊழியர் காகிதங்களைச் சரிபார்ப்பார். பிறகு அதிகாரி வலது கையைத் தூக்கி உறுதிமொழி எடுக்கச் சொல்வார். முதலாளி யார், என்ன வேலை, எந்த ஊர், சம்பளம் எவ்வளவு, முன்னால் விசா மறுத்தார்களா: கேள்விகள் இவ்வளவுதான். அதிகம் சறுக்குவது முதல் கேள்வியில். மனு போட்டது ஸ்டாஃபிங் கம்பெனி, வேலை பார்க்கப்போவது ஒரு ஆஸ்பத்திரி. பதற்றத்தில் ஆஸ்பத்திரி பெயரை மட்டும் சொல்லிவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். சம்பளம் மனுவிலும் கடிதத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று முந்தைய நாள் பாருங்கள். ஏஜென்ட் கொடுத்த அனுபவக் கடிதத்தில் நீங்கள் வேலையே பார்க்காத ஆஸ்பத்திரி இருந்தால் அதோடு ஜன்னலுக்குப் போகாதீர்கள். முக்கியமான விஷயத்தில் பொய் என்று தீர்மானித்தால் அது வாழ்நாள் தடை.

விசாவை அன்றே தராமல் நிறுத்திவைக்கும் 221(ஜி) சீட்டு கொடுத்தால் பயப்பட வேண்டாம், ஏதோ ஒரு காகிதம் பாக்கி என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். கேட்டதை ஒரு வருஷத்துக்குள் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் தீர்ந்துபோகும். அதற்குள் புல்லட்டின் தேதி பின்னுக்குப் போனால் எல்லாம் சரியாக இருந்தும் விசா எண் கிடைக்காது, மறுபடி முறை வரும்வரை காத்திருக்கவேண்டும். அமெரிக்காவின் விசா வருஷம் செப்டம்பர் 30-இல் முடிவதால் ஆகஸ்ட், செப்டம்பரில் இன்டர்வியூ வருகிறவர்கள் ஒரு காகிதமும் பாக்கி வைக்கக் கூடாது.

பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் பெயர், பிறந்த தேதி, விசா வகை மூன்றையும் பாருங்கள். ஈபி-3 வகையில் துணைவருக்கு ஈ34, பிள்ளைக்கு ஈ35. விமானம் ஏறுவதற்கு முன்பே 235 டாலர் யுஎஸ்சிஐஎஸ் கட்டணத்தை ஆன்லைனில் கட்டுங்கள். எக்ஸ்ரே சிடி கொடுத்திருந்தால் அது கைப்பையில் இருக்கட்டும். கிரீன் கார்டு டிஎஸ்-260-இல் எழுதிய அமெரிக்க விலாசத்துக்குத்தான் போகும். ஏஜென்ட் ஆபீஸ் விலாசம் போட்டிருந்தால், இறங்கும் விமான நிலையத்திலேயே அதிகாரியிடம் தங்கப்போகும் வீட்டு விலாசத்தைச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். கார்டு வரும்வரை, இறங்கும்போது அதிகாரி முத்திரை போட்ட விசாவே ஒரு வருஷத்துக்குக் கார்டாகச் செல்லும்.