‘நீர்நிலை பாதிப்பு’ என்று ஒரு வரி

“மேலக் கம்மா நெறஞ்சா மறுகாத் தண்ணி நீங்க கேக்குற எடத்து வழியாத்தான்யா வரணும். அங்க தோண்டிப்புட்டா தண்ணி எங்கயா போவும்?”

குவாரிக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அந்த அம்மா மைக்கில் கேட்டது இவ்வளவுதான். நாங்கள் எழுதிய கூட்ட அறிக்கையில் அது ‘நீர்நிலை பாதிக்கப்படும்’ என்ற வரிக்குள் போய்விட்டது. அதற்கு எதிரே உள்ள பத்தியில் குவாரி நிறுவனத்தின் பதில்: ‘உரிய பாதுகாப்பு நடவடிக்கை எடுக்கப்படும்.’

சுருக்கியது விதிமீறல் அல்ல. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கேட்பதே சுருக்கத்தைத்தான். எழுந்த பிரச்சினைகளையும் நிறுவனத்தின் விளக்கத்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பட்டியலிட வேண்டும். கூட்டம் முடிந்த 8 நாளில் அனுப்பியாக வேண்டும். பேசுகிறவர்களில் பாதிப் பேர் தூசி, வெடிச்சத்தம், வீட்டுச் சுவர் விரிசல் என்பார்கள். தலைப்பு தலைப்பாகச் சேர்க்காமல் வேலை முடியாது.

ஆனால் அதே விதி, சொல்லப்பட்ட எல்லாக் கருத்தையும் துல்லியமாகக் காட்டவும் சொல்கிறது. பத்துப் பேர் சொன்ன தூசியை ஒரே வரியாக்கினால் நஷ்டமில்லை. கண்மாய் நிறைந்து உபரி நீர் வெளியேறும் மறுகாலை அப்படிச் சேர்த்தால் இடம் போய்விடுகிறது. எந்தக் கண்மாய், எந்தப் பக்கம் என்பது போனபின், சுற்றுச்சூழல் அனுமதிக்காகத் திட்டத்தைப் பரிசீலிக்கும் மதிப்பீட்டுக் குழு நிறுவனத்திடம் எதைக் கேட்கும்?

வீடியோவும் இணைப்பில் போகிறதே என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். மணிக்கணக்கான பதிவை யார் ஓட்டிப் பார்ப்பது! திருத்தம் கேட்க உண்மையான வாய்ப்பு கூட்ட முடிவில்தான். சுருக்கத்தை எல்லார் முன்பும் வாசித்துத் தமிழில் விளக்கிய பிறகே கலெக்டரோ அவர் அனுப்பிய மாவட்ட வருவாய் அலுவலரோ (டிஆர்ஓ) கையெழுத்திட வேண்டும். அதற்குள் பந்தல் காலியாகிவிடும். இத்தனை பேர் இருந்தாக வேண்டும் என்று விதி கிடையாது. காலிப் பந்தலில் வாசித்தாலும் செல்லும். கட்சிக்காரர், லாரி உரிமையாளர் என முன்வரிசை நிதானமாகப் பேசி முடித்திருக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் மைக் போகும்போது ‘சுருக்கமாச் சொல்லுங்கம்மா’வும் சேர்ந்தே போகும்.

சர்வே எண் போட்டு மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்கியிருந்தால் தனி வரி கிடைத்திருக்கும். கேட்கிறவர்களுக்கு இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த மறுகாலின் சர்வே எண்ணை அந்த அம்மா சொல்ல வேண்டுமா, மேடைக்குப் பக்கத்திலேயே பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த விஏஓ சொல்ல வேண்டுமா?