இருமல் மருந்துப் பாட்டிலில் ஓர் எச்செவேரியா

எங்கள் வீட்டு பால்கனிக்கு நேர் கீழே இரண்டாவது மாடிக்காரர்களின் துணிக்கொடி. போன ஐப்பசியில், மழை விட்டதே என்று அந்த வீட்டு அக்கா வேட்டிகளைக் காயப்போட்டிருக்கிறார். மழைதான் விட்டது, என் தொட்டிகள் விடவில்லை. சாயங்காலம் மேலே ஏறி வந்து, ஒரு வார்த்தை பேசாமல், வேட்டியை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார். செம்மண் கறை சொட்டுச் சொட்டாக ஓரம் முழுக்க இறங்கியிருந்தது. திட்டியிருந்தால்கூட பதில் சொல்லியிருப்பேன். அன்று இரவே வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது: "செடி வேண்டுமானால் வைத்துக்கொள். மண் வேண்டாம்."

வீட்டில் கேலியாகத்தான் சொன்னார்கள். நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால், அந்தத் தொட்டிகளில் காப்பாற்ற அதிகம் மிச்சமும் இல்லை. ஏற்காட்டிலும் ஊட்டியிலும் ஒவ்வொரு முறையும் மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்த சக்குலென்ட் செடிகள், அதாவது தடித்த இலையில் தண்ணீரைச் சேமிக்கிறவை, பதினொன்று. அவற்றில் ஒன்றான எச்செவேரியாவின் சொந்த ஊர் மெக்சிகோவின் காய்ந்த மலைச்சரிவுகள். சென்னையிலோ ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மண் காயவே காயாது. அடி இலை கண்ணாடி மாதிரி ஆகும். மறுநாள் தொட்டால் கையோடு வரும். அதற்கடுத்த நாள் தண்டு கறுப்பு. கார்த்திகை தீபத்துக்குள் நான்கு செடிகள்தான் நின்றன.

தண்ணீரால் சாகிற செடியைத் தண்ணீரிலேயே வைப்பதா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நானும் கேட்டுக்கொண்டுதான் முதல் பாட்டிலை நிரப்பினேன். வேரிலிருந்த மண்ணைக் குழாயடியில் சுத்தமாக அலசிவிட்டு, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் எச்செவேரியாவைக் கழுத்து வரை இறக்கினேன். பத்தாம் நாள் மூடியைத் திறந்தால், ஊறவைத்து மறந்துபோன பயறு நாற்றம்.

அந்தச் செடி தண்ணீரால் சாகவில்லை, மூச்சுமுட்டிச் செத்தது என்பது பிறகுதான் புரிந்தது. வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணில் பழகிய வேர் மண்துகள்களுக்கு இடையில் இருக்கும் காற்றை நம்பி வளர்ந்தது. அதைத் திடீரென்று முழுக்காட்டினால் அழுகும். தொட்டியில் நடந்ததும் இதேதான், கொஞ்சம் மெதுவாக. தண்ணீரிலேயே பிறக்கிற வேர் வேறு சாதி. வெள்ளையாக, நூல் மாதிரி மெலிதாக, தொட்டாலே ஒடிகிற மாதிரி இருக்கும். ஆனால் அங்கே பிழைக்கத் தெரிந்தது. ஆகவே பழைய வேரோடு பேரம் பேசாமல் முழுவதையும் வெட்டிவிட வேண்டும்.

வெட்டினேன். மிச்சமிருந்த இன்னொரு எச்செவேரியாவில் தண்டை ஒரு கட்டைவிரல் நீளம் விட்டு, பிளேடால் ஒரே வெட்டு. பிறகு செய்தித்தாளில் படுக்கவைத்து, அலமாரி மேல் நிழலில் விட்டுவிட்டேன். நாலைந்து நாளில் வெட்டு காய்ந்து தோல் கட்டும் என்பார்கள். அந்த ஈரக்காற்றில் எனக்கு எட்டு நாள் ஆனது. காயம் ஆறாமல் தண்ணீர் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

பாட்டில் தேடும்போதுதான் பழைய இருமல் மருந்துப் பாட்டில் கண்ணில் பட்டது. பழுப்புக் கண்ணாடி, குறுகிய கழுத்து. வெளிச்சம் உள்ளே அதிகம் போகாததால் பாசி பிடிப்பதில்லை என்பது பின்னால் தெரிந்த லாபம். அப்போது எனக்குப் பிடித்தது அந்தக் கழுத்துதான். கும்பத்தின் வாயில் தேங்காய் உட்காருமே, அப்படி எச்செவேரியா உட்கார்ந்தது. தேங்காய் எப்படித் தண்ணீரைத் தொடுவதில்லையோ, அதேபோல் தண்டும் தொடக்கூடாது. நடுவில் அரை விரற்கடை இடைவெளி. அந்த ஈரக்காற்று போதும். தண்ணீரைத் தேடிக்கொண்டு வேர் தானே இறங்கும்.

தினமும் காலையில் காப்பி டம்ளரோடு போய்த் தூக்கிப் பார்ப்பேன். பழுப்புக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, எடுத்துத்தான் பார்க்க வேண்டும். பதினேழாம் நாள் தண்டின் நுனியில் மூன்று வெள்ளைப் புள்ளிகள், உப்புக்கல் ஒட்டிக்கொண்ட மாதிரி. துடைக்கப் போனேன். நல்லவேளை, விரல் வைப்பதற்கு முன் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். வேர். ஒரு வாரத்தில் அவற்றில் ஒன்று தண்ணீரைத் தொட்டுவிட்டது.

அதன் பிறகு எனக்குப் பேராசை. மற்ற சக்குலென்ட்களில் ஜேட் வந்தது, கிராப்டோபெட்டாலம் வந்தது. பிரண்டைகூட ஒரு கணுவில் வேர் விட்டது, துவையலுக்குத் தப்பியது அது ஒன்றுதான். சோற்றுக்கற்றாழை வரவில்லை. இரண்டு தடவை வைத்தேன், இரண்டு தடவையும் கொழகொழவென்று போனது. ரணகள்ளிக்குப் பாட்டிலே தேவைப்படவில்லை. வெறும் மேஜைமேல் கிடந்த இலையின் விளிம்புப் பள்ளங்களில் குட்டிச் செடிகள் முளைத்துவிட்டன. பள்ளிக்கூட நாளில் புத்தகத்துக்குள் மயிலிறகும் வைத்தோம், ரணகள்ளி இலையும் வைத்தோம். குட்டி போட்டது இலை மட்டும்தான்.

இந்த ரணகள்ளிக்கு ஒரு பழைய கதை உண்டு. தரங்கம்பாடிக்குச் சமயப் பணிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தாவரவியலாளராக வேலை பார்த்தவர் பெஞ்சமின் ஹெய்ன். அதன் இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையே இல்லை, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று 1813-இல் லண்டன் லின்னேயன் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். நானும் காலையில் ஒரு நுனியைக் கடித்துத் துப்பினேன். பச்சைப் புளியங்காய்ப் புளிப்பு. மாலையில் அந்தப் புளிப்பைக் காணோம். எச்செவேரியா, ஜேட் எல்லாம் இதே குடும்பம். பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து அமிலமாகச் சேர்த்துவைக்கும். விடிந்தபின் அதை எடுத்துச் சமைக்கும். துளை பகலில் மூடியிருப்பதால் தண்ணீர் அதிகம் வீணாவதில்லை. பக்கத்திலிருக்கும் மணிபிளான்ட் பாட்டில் வாரத்தில் பாதியாகிவிடும். மருந்துப் பாட்டிலில் மட்டம் இறங்கியதா என்று கோடு பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். குடிக்காத செடிக்கு எதற்குத் தண்ணீர் மாற்றுவது என்று மூன்று வாரம் விட்டுவிட்டேன். மாநகராட்சியிலிருந்து டெங்கு சோதனைக்கு வந்த பெண் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டைப் பார்த்தார், வாளிகளைப் பார்த்தார், பிறகு டார்ச்சை ஜன்னல் பக்கம் திருப்பினார். ஜேட் இருந்த அகலவாய் ஊறுகாய் ஜாடியில் கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் நெளிந்து கீழே போயின. "செடி அழகா இருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே அவர் ஜாடியைக் கழிவறையில் கவிழ்த்தார். எனக்குக் காது சுட்டது.

டெங்குக் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், வீட்டு நல்ல தண்ணீர் போதும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள். முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவைக்கும், அது காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்க்கவும் வேண்டும். இப்போது எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் பழைய பல்துலக்கியும் ஒன்பது பாட்டில்களும்தான். கழுத்திலுள்ள இடைவெளிக்குக் கொசுவலைத் துண்டு.

சித்திரையில் வேறொரு தொல்லை. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். ஜன்னலோரப் பாட்டில்களில் வேர் பழுப்பேறி வழுவழுத்தது. எல்லாவற்றையும் சமையலறைக்குள், மண்பானையின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். வேரில் முக்கால் பாகத்தை நீருக்கு வெளியே விட்டதும் உதவியது. உரம் என்றால் தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 19:19:19 தூளில் ஒரு சிட்டிகை ஒரு லிட்டருக்கு, மாதம் ஒருமுறை. பஞ்சகவ்யம் ஊற்றிப் பார்க்காதீர்கள். நான் ஊற்றிவிட்டு இரண்டு நாள் வீட்டில் தலைநிமிர முடியவில்லை.

இப்படி வளர்ப்பது மண்ணில் வளர்ப்பதைவிட நல்லது என்று சொல்லமாட்டேன். செடி பெருக்காது, நிறம் கொஞ்சம் வெளுக்கும், வெளிச்சம் குறைந்தால் கழுத்து நீளும். மேட்டு நிலமும் வெயிலும் இருப்பவர்கள் மணல் கலந்த மண்ணிலேயே வைக்கட்டும். எனக்கு இலையைவிட வேர்தான் பிடித்துப்போயிற்று. தொட்டியில் வைத்திருந்த வரை, அழுகிய பிறகுதான் அதைப் பார்த்திருக்கிறேன்.

இன்று காலை கழுவும்போது எச்செவேரியாவின் வேர் பாட்டிலின் கழுத்தில் சிக்கிக்கொண்டது. மெதுவாகத்தான் இழுத்தேன். பாதி உள்ளேயே நின்றுவிட்டது. தண்டை மறுபடி வெட்டி, இன்றைய செய்தித்தாளின் ராசிபலன் பக்கத்தில் படுக்கவைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு வரை அதற்குத் தண்ணீர் கிடையாது.