கியர்பாக்ஸ் இறங்குன அன்னிக்கு

துபாய் அல் கூஸ்ல ஒரு கராஜ்ல வேலை பாத்துட்டு இருந்த சமயம். போர்ஷே பாக்ஸ்டர் ஒண்ணு வந்துச்சு, 986 மாடல், 2001 வண்டி. ஓனர் நம்ம சென்னைப் பையன், செகண்ட் ஹேண்ட்ல ஆசைப்பட்டு வாங்கியிருக்கான். "அண்ணே கிளட்ச் மட்டும் போதும், வேற எதையும் தொட்றாதீங்க"ன்னு சாவியக் குடுக்கும்போதே சொல்லிட்டான். கராஜ்காரன் எதையாவது இழுத்து விட்ருவான்னு பயம், தப்பு சொல்ல முடியாது.

எனக்கு வேற பயம். அதுக்கு முந்தின வருஷம் இன்னொருத்தர் இப்படித்தான் சொன்னாரு, நானும் சரின்னு கிளட்ச மட்டும் போட்டு அனுப்பிட்டேன், ரெண்டே மாசத்துல கிராங்க் பின்னாடி இருக்குற ஆயில் சீல் ஒழுகி புது பிளேட் பூரா ஆயில் ஆகி, மறுபடி கியர்பாக்ஸ இறக்கி ஏத்துனேன், கூலி ஒரு பைசா கிடையாது. சீலோட விலையச் சொன்னா சிரிப்பீங்க.

இந்த வண்டியில இஞ்சின் சீட்டுக்குப் பின்னாடி, அதுக்கும் பின்னாடி கியர்பாக்ஸ். சைலன்சர், ரெண்டு பக்க ஆக்சில், அடியில இருக்குற சப்போர்ட்டு எல்லாத்தையும் கழட்டுனாத்தான் அது கீழ வரும். கிளட்ச் மாத்துறது சின்ன வேலை, அதுகிட்ட போய்ச் சேர்றதுதான் பெரிய வேலை. ஃப்ளைவீலையும் கழட்டிட்டா மூணு போல்ட்டு போட்ட சின்ன மூடி ஒண்ணு தெரியும், அதுக்குள்ளதான் ஐஎம்எஸ், அதாவது இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங். கிராங்க்ல இருந்து, வால்வுகளத் திறந்து மூடுற கேம் செயினுக்கு ஓட்டம் குடுக்குற ஷாஃப்ட் இதுமேலதான் நிக்குது. சீல் போட்ட பால் பேரிங், நாளாக ஆக இஞ்சின் ஆயில் உள்ள கசிஞ்சு கிரீஸ கழுவிட்டுப் போயிரும். பேரிங் உடைஞ்சா டைமிங் தாவி வால்வு பிஸ்டன்ல அடிச்சு இஞ்சினே காலி.

பையன லிஃப்டுக்கு அடியில கூப்பிட்டு டார்ச் அடிச்சுக் காட்டுனேன். முதல்ல ஆயில் ஃபில்டர வெட்டி மடிப்ப விரிச்சுப் பாத்தோம், காந்தத்துல ஒண்ணும் ஒட்டல, செயின் கைடோட பிளாஸ்டிக் துகள்தான் கொஞ்சம் இருந்துச்சு. இரும்புத்தூள் வந்திருந்தா பேரிங் மாத்துறதே வீண், அப்போ இஞ்சினைப் பிரிச்சே ஆகணும். அவன் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு "சரிண்ணே, சீலும் பேரிங்கும் போடுங்க"ன்னான்.

அவசரப்படக் கூடாத வேலை இது. கிராங்க பின் போட்டு லாக் பண்ணி, செயின் டென்ஷனர எடுத்துட்டுத்தான் மூடிய தொடணும், இல்லன்னா டைமிங் போயிரும். கழட்டிப் பாத்தா ஒத்தை வரிசை பேரிங், கையில சுத்துனா லேசா சொரசொரன்னு இருந்துச்சு. அதை அவன் கையிலயே குடுத்தேன். 2006ல இருந்து 2008 வரைக்கும் வந்த மாடல்ல பேரிங் பெருசு, இப்படி வெளிய வராது, அந்த வகையில இவன் கொடுத்து வச்சவன். புது சீல் டெஃப்லான் உதடு உள்ளது, ஆயில் தடவாம காய்ஞ்சபடியே ஏத்தணும், பழக்கதோஷத்துல எண்ணெய்ய தொட்டுட்டா போச்சு. ஃப்ளைவீல் போல்ட்டு புதுசு, ரிலீஸ் பேரிங் கிட்டோட வந்துச்சு, கியர் ஆயிலும் மாத்தியாச்சு.

"ஆயில் செப்பரேட்டரும் பழசு தம்பி, காத்தோட ஆயில் போய் இஞ்சின்ல எரியாம பிரிச்சு விடுறது அதுதான், கியர்பாக்ஸ் இல்லாதப்போ கை நல்லா போகும்"னேன். "அது அடுத்த தடவைண்ணே"ன்னுட்டான்.

ஆறு மாசம் கழிச்சு ஒரு வீடியோ அனுப்புனான். காலையில ஸ்டார்ட் பண்ணதும் பார்க்கிங் பூரா வெள்ளைப் புகை. கீழ ஒரே வரி: "அண்ணே, அன்னிக்கு நீங்க சொன்னது இதானா?"