ஃபில்டர் பிடிக்காதவை

பள்ளியில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெற்றோர் கூட்டங்களில் என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எல்லாத்தையும் ப்ளாக் பண்ணியிருக்கீங்கல்ல சார்?" ஆமாம் என்றதும் அவர்கள் முகத்தில் வரும் நிம்மதியைக் கெடுக்க மனசு வராது. ஆனால் யார் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற பதிவை, அதாவது லாகை, தினமும் பார்க்கிறவனுக்குத் தெரியும், ஃபில்டர் தடுப்பது ஒன்று, பிள்ளைகளைக் காயப்படுத்துவது பல சமயம் வேறொன்று.

பெரும்பாலான நேரம் ஃபில்டர் பார்ப்பது முகவரியை மட்டும்தான். ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அதை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வருக்குக் கேள்வி போகிறது. ஆபாசம், சூதாட்டம் போன்ற பட்டியல்களில் அந்தப் பெயர் இருந்தால் அதோடு வழி மூடிவிடும். பக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது வேறு கதை. இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் தகவலைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ்ஸில் இருப்பதால், கருவியிலேயே பள்ளியின் சான்றிதழை ஏற்றி, போகிற வருகிற தகவலைப் பிரித்துப் படித்தாக வேண்டும். பள்ளி லேப்டாப்பில் அதைச் செய்யலாம். பிள்ளையின் சொந்த ஃபோனில் செய்யக் கூடாது என்பது என் கட்சி. போதாக்குறைக்கு, டிஎன்எஸ் கேள்வியையே மறைத்து அனுப்பும் முறை 2018இல் தரநிலையாகிவிட்டது. பிரவுசரில் அதை நாங்கள் அணைத்து வைக்க வேண்டியிருக்கிறது. ஃபில்டரைச் சுற்றிப் போக உதவும் விபிஎன், ஹாட்ஸ்பாட் பற்றிப் பேசவே வேண்டாம். எட்டாம் வகுப்புக்கு அதெல்லாம் பழைய செய்தி.

தடுக்கத் தேவையில்லாததை ஃபில்டர் தடுப்பதும் புதிதல்ல. 1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களால் ஏஓஎல் என்ற இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முடியவில்லை. ஊர்ப் பெயருக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் வரிசையாக வந்துவிட்டன, அதுதான் காரணம். இன்றைய ஃபில்டர்கள் அவ்வளவு முட்டாள் இல்லை என்றாலும் வகைப் பிரிப்பில் சொதப்புகின்றன. உயிரியல் பாடத்துக்காகப் பருவ வயது மாற்றங்களைத் தேடிய ஒரு மாணவியின் திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: "தடைசெய்யப்பட்டது. வகை: பாலியல்." பின் வரிசையில் சிரிப்பு. அவள் லேப்டாப்பைப் பாதி மூடிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். அன்றே தடைப் பக்கத்திலிருந்து வகையின் பெயரை எடுத்துவிட்டு, "பாடத்துக்குத் தேவையா? காரணம் எழுதி அனுப்புங்கள்" என்று ஒரு பெட்டி வைத்தேன். வருகிற காரணங்களில் பாதி, கார் பந்தய விளையாட்டு கணக்குப் பாடத்துக்கு எப்படி உதவும் என்ற விளக்கங்கள். மீதி நியாயமானவை, அன்றைக்கே திறந்துவிடுவோம்.

ஃபில்டருக்குத் தெரியவே தெரியாத ஒரு விஷயம் நடந்தது நாங்களே திறந்து வைத்திருந்த இடத்தில். குழுத் திட்ட வேலைக்கான பகிர்வு ஆவணம். கடைசிப் பத்திக்குக் கீழே சில வெற்றுப் பக்கங்கள், அதற்கும் கீழே வெள்ளை நிறத்தில் எழுத்து. தேர்வு செய்து பார்த்தால்தான் கண்ணில் படும். சில பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து ஒரு வகுப்புத் தோழியைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார்கள், பாட நேரத்தில், ஆசிரியர் கண் முன்னால். அதே ஆவணத்தில் அவளும் உறுப்பினர். அவள் அடிக்கடி விடுப்பு எடுப்பதைக் கவனித்த வகுப்பாசிரியை கேட்கப் போய்த்தான் விஷயம் வெளியே வந்தது. பதிப்பு வரலாற்றைத் திறந்தபோது யார், எந்த நிமிடத்தில், எந்த வரி என்று எல்லாம் இருந்தது. எங்கள் லாகில் அந்த நாட்கள் முழுக்கப் பச்சை.

"இதையும் ப்ளாக் பண்ண முடியுமா?" என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். முடியும். வீட்டுப்பாடமும் நின்றுபோகும், பேச்சு ஏதாவது ஒரு கேமின் சாட் பெட்டிக்குக் குடிபெயரும். முன்பின் தெரியாதவர்கள் பிள்ளைகளோடு நட்பு பிடிப்பதும் அந்த மாதிரி சாட்டில்தான்: முதலில் பாராட்டு, பிறகு "வேற ஆப்ல பேசலாமா", பிறகு "வீட்ல சொல்லாதே". இந்த வரிசையை வகுப்பில் சொல்லித் தருகிறோம். அப்படி வந்தால் அழிக்காதே, ஸ்கிரீன்ஷாட் எடு, உடனே ஒரு பெரியவரிடம் காட்டு, உன்னைத் திட்ட மாட்டோம். கடைசி வாக்கியத்தை நாம் காப்பாற்றினால்தான் மற்றதெல்லாம் வேலை செய்யும்.

அமெரிக்காவில் 2000இல் வந்த சட்டம், இணையக் கட்டணச் சலுகை பெறும் பள்ளிகள் ஃபில்டர் போட்டாக வேண்டும் என்றது. 2008இல் இன்னொரு சட்டம் வந்து, இணையத்தில் பழகும் முறையையும், அங்கே ஒருவரைத் துன்புறுத்தும் சைபர் புல்லியிங் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று சேர்த்தது. வகுப்பு நடத்துவது ஃபில்டர் வாங்குவது மாதிரி ஒருமுறை முடிகிற காரியமில்லை. அதனாலோ என்னவோ பல பள்ளிகளில் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது.

லாகை யார் படிப்பது என்பதிலும் எங்களுக்குள் நிறைய வாக்குவாதம் நடந்தது. தற்கொலை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது போன்ற தேடல் கண்ணில் பட்டால் அது ஆலோசகருக்கு மட்டும் போகும். ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புக்குப் போகாது என்று முடிவானது. தேடியதற்காகத் தண்டிக்கப்பட்ட பிள்ளை அடுத்த முறை நம் நெட்வொர்க்கில் தேடாது, அவ்வளவுதான்.

இந்த ஆண்டு ஃபில்டர் உரிமத்தைப் புதுப்பிக்கக் குறிப்பு எழுதியபோது, ஆலோசகர் இன்னும் சில நாட்கள் கூடுதலாக வர வேண்டும் என்றும் ஒரு குறிப்பு சேர்த்து வைத்தேன். உரிமத்துக்கு அன்றே கையெழுத்தாகிவிட்டது. மற்றது "பரிசீலனையில்".